கீசரை மாற்றுவதற்கு முன் வாளியை அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு கோவை வடவள்ளியில் இருக்கிறது. தரைத்தளம், முதல் மாடி. மாமனார், மாமியார், நாங்கள் இருவர், கல்லூரிக்கும் பள்ளிக்கும் போகும் பிள்ளைகள் இருவர் என ஆறு பேர். கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக 25 லிட்டர் கீசர்கள் இரண்டு. பன்னிரண்டு ஆண்டுப் பழையவை. ஐப்பசி மழை தொடங்கித் தை முடியும் வரை மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டைத் தொடுகிறது. கடையில் கேட்டால் 200 லிட்டர் ஹீட் பம்ப் போடுங்கள், ஒன்றேகால் லட்சம் ஆகும் என்கிறார்கள். இன்னொருவர் 200 லிட்டர் சோலாரை 40,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கணவரின் நண்பர் கேஸ் கீசர்தான் மலிவு என்கிறார். மாமியாரோ ஊரில் சும்மா கிடக்கும் செப்புப் பாய்லரைக் கொண்டு வந்துவிடலாம் என்கிறார். மேல்தொட்டியில் போர் தண்ணீர்தான். குழாய் முனையெல்லாம் வெள்ளை படிகிறது. மாமனாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கீசரை நாள் முழுக்க ஆன் செய்து வைப்பதே சிக்கனம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதால் அப்படியே விட்டிருக்கிறோம். எதை மாற்றுவது?
— வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பேர் நான்கு கருவிகளைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வெந்நீர் செலவாகிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். அந்த எண் தெரியாமல் எந்தக் கருவி வாங்கினாலும் அது தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும், அல்லது தப்பான இடத்தில் மாட்டப்பட்டிருக்கும். இரண்டுமே பண நஷ்டம்.

ஒரே ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1 யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்கும். இதை எந்த நிறுவனத்தாலும் மாற்ற முடியாது. மார்கழி விடியற்காலையில் உங்கள் மேல்தொட்டித் தண்ணீர் 24 டிகிரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளாவிய வெந்நீர் 40 டிகிரி இருந்தால் குளிக்க இதமாக இருக்கும். இடையில் 16 டிகிரி. 20 லிட்டர் வாளி ஒன்றுக்கு 20-ஐ 16-ஆல் பெருக்கி 860-ஆல் வகுத்தால் 0.37 யூனிட். வாளியில் மொண்டு குளிப்பவர் ஒருவருக்கு ஆகும் மின்சாரம் அவ்வளவுதான்.

ஷவருக்கு வாருங்கள். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் போகும். பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டர். அதே கணக்கில் ஒன்றரை யூனிட். அதாவது ஷவரில் குளிக்கும் ஒரு பிள்ளை, வாளியில் குளிக்கும் நான்கு பெரியவர்களுக்கு ஆகும் மின்சாரத்தைத் தனியாகச் செலவழிக்கிறது. உங்கள் பிள்ளைகள் ஷவரில் குளிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மேல் மாடிக் குளியலறையும் அந்த வயதும் சேர்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தப்பாக இருந்தால் மீதிக் கணக்கை நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

நான்கு வாளிக் குளியலுக்கு ஒன்றரை யூனிட், இரண்டு ஷவருக்கு மூன்று யூனிட். மொத்தம் நாளுக்கு நாலரை, 60 நாளைக்கு 270. உண்மையில் உடம்பில் பட்ட வெந்நீரின் செலவு இது.

இதோடு உடம்பில் படாத செலவு ஒன்று இருக்கிறது. எலக்ட்ரீஷியன் சொன்ன யோசனை அங்கேதான் தவறாகிறது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் முதலிலிருந்து சூடாக்க நிறைய மின்சாரம் இழுக்கும் என்பது அவர் வாதமாக இருக்கும். பலரும் இதை நம்புகிறார்கள். ஆனால் தொட்டி எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெப்பம் அதன் சுவர் வழியே வெளியேறும். நாள் முழுக்க 60 டிகிரியில் வைத்திருந்தால் 24 மணி நேரமும் முழு வேகத்தில் கசியும். அணைத்து வைத்தால் ஆற ஆறக் கசிவும் குறையும். மறுபடி சூடாக்க ஆகும் மின்சாரம், இடைப்பட்ட நேரத்தில் இழந்த வெப்பத்துக்கு ஈடானது மட்டுமே. ஆகவே அணைத்து வைப்பதால் எந்த நிலையிலும் நஷ்டம் வராது. 25 லிட்டர் கீசர் முழுக்க ஆறிப்போயிருந்தாலும் அதை 24-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஒரு யூனிட்டுக்குச் சற்றே அதிகம்தான் ஆகும். 2,000 வாட் எலிமென்ட் அரை மணி நேரத்தில் முடித்துவிடும். குளிப்பதற்கு அரை மணி முன்பு போட்டால் போதும்.

உங்கள் கீசர் எவ்வளவு கசியவிடுகிறது என்பதை நீங்களே அளக்கலாம். இரவு எல்லாரும் குளித்து முடித்த பிறகு கீசரைப் போடுங்கள். தெர்மோஸ்டாட் வெட்டி, சிவப்பு விளக்கு அணைந்ததும் ஸ்விட்ச்சையும் அணைத்துவிடுங்கள். மறுநாள் காலை வரை அந்தக் குழாயை யாரும் திறக்கக் கூடாது. சரியாக 12 மணி நேரம் கழித்து, தண்ணீர் எடுக்காமல் ஸ்விட்ச்சைப் போட்டு, விளக்கு எத்தனை நிமிடம் எரிகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். 15 நிமிடம் எரிந்தால் அரை யூனிட் இரவோடு இரவாகச் சுவர் வழியே போயிருக்கிறது என்று பொருள். நாள் முழுக்க ஆனில் இருந்தால் ஒரு யூனிட்டோ அதற்கு மேலோ. உட்புற நுரைப் பஞ்சு பொடிந்துபோன பழைய கீசர்களுக்கு இது சாதாரணம். இரண்டு கீசரும் அப்படியிருந்தால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் யாருக்கும் பயனில்லாமல் போகிறது.

இப்போது செலவில்லாத மாற்றங்களை மட்டும் செய்து பாருங்கள். கீசரைக் காலையில் அரை மணி, மாலையில் தேவைப்பட்டால் அரை மணி என்று வைத்தால் அந்த 120-இல் 100-ஆவது மிச்சமாகும். ஷவர் தலையை நிமிடத்துக்கு 5 லிட்டர் விடும் சிக்கன வகைக்கு மாற்றி, பிள்ளைகளிடம் பேசிக் குளியலை ஆறு நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் ஒருவருக்கு 30 லிட்டர். இருவருக்கும் சேர்த்து மூன்று யூனிட் என்பது ஒன்றேகால் யூனிட்டுக்குள் வந்துவிடும். இரண்டு மாதத்தில் இன்னொரு 110 யூனிட். மொத்தம் 210. உங்கள் 700 யூனிட் 490 ஆகிறது.

490 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் மாநிலக் கட்டண முறையில் 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த மலிவு விலையும் கைவிட்டுப் போகும். 2022 செப்டம்பர் கட்டணத்தை எடுத்துக்கொண்டால், 700 யூனிட்டுக்கு 3,650 ரூபாய். 490 யூனிட்டுக்கு 1,665 ரூபாய். அதற்குப் பிறகு கட்டணம் சிறிது சிறிதாக ஏறியிருக்கிறது. படிகளின் அமைப்பு அதேதான். பாதிக்கு மேல் குறைவதற்கு நீங்கள் வாங்க வேண்டியது ஒரு ஷவர் தலை மட்டும்.

இதைச் செய்த பிறகு மிஞ்சும் வெந்நீர்த் தேவை நாளுக்கு 2.6 யூனிட். இந்த எண்ணை வைத்து உங்களுக்குச் சொல்லப்பட்ட நான்கு யோசனைகளையும் உரசிப் பார்ப்போம்.

ஹீட் பம்ப் நல்ல கருவி. பிரிட்ஜ் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. இது வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. வெப்பத்தைப் புதிதாக உண்டாக்காமல் இடம் மாற்றுவதால் 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். கோவை போன்ற மிதமான ஊரில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உங்கள் 2.6 யூனிட்டை அது 0.9-க்குக் கொண்டுவந்தாலும் இரண்டு மாதத்தில் மிச்சமாவது 100 யூனிட். அதற்கு ஒன்றேகால் லட்சமா? நாள்தோறும் ஆயிரக்கணக்கான லிட்டர் வெந்நீர் வேண்டியிருக்கும் விடுதி, மருத்துவமனை, ஹோட்டல் போன்ற இடங்களுக்கு ஹீட் பம்பை நான் தயங்காமல் சொல்வேன். ஆறு பேர் குளிக்கும் வீட்டுக்கு அதை விற்பது நியாயமில்லை. ஏசியின் வெளிப்பெட்டியைப் போலச் சத்தமும் வரும். படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்க முடியாது.

கேஸ் கீசரைப் பற்றி முதலில் உயிர் விஷயம். மூடிய குளியலறைக்குள் கேஸ் எரிந்தால் காற்றில் ஆக்ஸிஜன் குறையும். எரிதல் அரைகுறையாகிக் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண்ணைக் கரிக்காது. லேசான தலைச்சுற்றல் வருவதற்குள் கதவைத் திறக்கும் தெம்பு போய்விடும். நம் நாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிச் சாவுகள் நடக்கின்றன. குளிருக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு குளிக்கும் வீட்டில் குளியலறைக்குள் கேஸ் கீசர் வைக்கவே கூடாது. வெளிச்சுவரில், திறந்த பால்கனியில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரலாம் என்பார்கள், அது பாதுகாப்பானதுதான். ஆனால் பணம்? 14.2 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 1,56,000 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது. அதில் எண்பது சதவீதம் தண்ணீருக்குப் போனால், உங்கள் வீட்டுத் தேவைக்கு ஒரு சிலிண்டர் 56 நாள் வரும். அதே வெப்பத்தை மின்சாரத்தில் உண்டாக்க ஏறக்குறைய 145 யூனிட். 500-க்குள் இருக்கும் வரை இரண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். மிச்சமே இல்லாத மாற்றத்துக்காக ஆபத்தை வீட்டுக்குள் அழைக்க வேண்டாம்.

உங்கள் மாமியார் சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். செப்புப் பாய்லரின் அமைப்பு கெட்டிக்காரத்தனமானது. நடுவில் தீக்குழாய், சுற்றிலும் தண்ணீர். நெருப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி தண்ணீரைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகும். செம்பு வெப்பத்தை வேகமாகக் கடத்தும். சொந்தத் தோப்பில் தேங்காய் மட்டையும் கொட்டாங்குச்சியும் பன்னாடையும் கிடைக்கும் வீட்டுக்கு, திறந்த புழக்கடை இருந்தால், அதைவிட மலிவான வெந்நீர் கிடையாது. உங்கள் வீட்டில் கொல்லைப்புறம் இருக்கிறதா, விறகு விலைக்கு வாங்க வேண்டுமா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஷீட் போட்டு மூடிய இடத்தில் வைத்தால் புகை முழுவதும் அவர் நெஞ்சுக்குள் போகும். அந்த வயதில் அது வேண்டாம். ஊர்வீட்டிலேயே அது இருக்கட்டும், கோயில் நோன்புக்குப் போகும்போது பயன்படும்.

இனி சோலார். மற்ற மூன்றையும் ஓரளவு எளிதாக ஒதுக்கிவிட்டேன்; இதை அப்படி ஒதுக்க முடியாது. இதில்தான் ஆசையும் அதிகம், தவறுகளும் அதிகம்.

முதல் தவறு அளவு. 'ஆறு பேர், ஆகவே 200 லிட்டர்' என்பது கடைக்கணக்கு. உங்களுக்கு வேண்டியது 40 டிகிரியில் 140 லிட்டர். சோலார் தொட்டியில் தண்ணீர் 55 டிகிரியில் இருந்தால், பச்சைத் தண்ணீர் விளாவியது போக, அதிலிருந்து எடுப்பது 72 லிட்டர்தான். 100 லிட்டர் அமைப்பு தாராளமாகப் போதும். ஆண்டில் எட்டு மாதம் வெந்நீர் தேவைப்படும் என்றும், மேகமூட்ட நாள்களில் கீசரைப் போட வேண்டியிருக்கும் என்றும் வைத்தால், சோலாரால் ஆண்டுக்கு மிச்சமாவது 450 யூனிட்டுக்குள். யூனிட்டுக்கு 6 ரூபாய் போட்டாலும் 2,700 ரூபாய். 40,000 ரூபாய் திரும்பி வர ஏறக்குறைய பதினைந்து ஆண்டு. பாதி விலைக்குள் 100 லிட்டர் அமைப்பு கிடைத்தால் ஏழெட்டு ஆண்டு; அது ஏற்கத்தக்க கணக்கு.

இரண்டாவது தவறு குழாய். இதை யாரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை. மொட்டை மாடியிலிருந்து தரைத்தளக் குளியலறை வரை வளைவு, நெளிவு எல்லாம் சேர்த்து 20 மீட்டர் குழாய் ஓடும் என்று கொள்ளுங்கள். முக்கால் அங்குல சிபிவிசி (வெந்நீருக்கான பிளாஸ்டிக்) குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆக, குழாயைத் திறந்ததும் முதலில் வருவது 5 லிட்டர் ஆறிப்போன தண்ணீர். அழுத்தம் நன்றாக வரட்டும் என்று ப்ளம்பர் ஒரு அங்குலக் குழாய் போட்டுவிட்டால் எட்டரை லிட்டர். அரை வாளித் தண்ணீரைக் கீழே விட்ட பிறகுதான் வெந்நீர் தலை காட்டும். குளித்து முடித்துக் குழாயை மூடியதும் அதே அளவு வெந்நீர் குழாய்க்குள் நின்று ஆறிப்போகும். தண்ணீர், வெப்பம் இரண்டும் போகிறது. அதனால் முக்கால் அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். குழாய் முழுவதும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறை போடச் சொல்லுங்கள். வெயில் படும் பகுதியில் அதன் மேல் அலுமினியத் தகடோ டேப்போ சுற்றாவிட்டால் உறை சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். காலையில் எல்லாரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டால் குழாய் ஒரு முறைதான் ஆறும். சமையலறைக்கு மட்டும் இணைக்காதீர்கள். ஒவ்வொரு பாத்திரம் கழுவும்போதும் 5 லிட்டர் வெந்நீரை மாடியிலிருந்து இழுத்துக் குழாயில் ஆறவிடும் ஏற்பாடு அது.

மூன்றாவது, உங்கள் தண்ணீர். குழாய் முனையில் படியும் வெள்ளை சுண்ணாம்பு. தண்ணீர் சூடாகச் சூடாக அது வேகமாகப் படியும். தட்டை வடிவச் சோலாரில் வெப்பம் வாங்குவது மெல்லிய செப்புக் குழாய்கள். கடின நீரில் அவை சில ஆண்டுகளில் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழல் வகை அவ்வளவு எளிதில் அடைபடாது, ஆனால் குழலுக்குள்ளும் தொட்டிக்குள்ளும் படிவு சேரும். ஆகவே உங்களுக்குக் கண்ணாடிக் குழல் வகையே பொருந்தும். மாடிக்கு மேல் தென்னை சாய்ந்திருந்தால் சொல்லுங்கள். ஒரு காய் விழுந்து ஒரு குழல் உடைந்தாலும் தொட்டித் தண்ணீர் மொத்தமும் வடிந்துவிடும்.

கடினத்தன்மையை டி.டி.எஸ் மீட்டர் காட்டாது. எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும் கருவி அது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி மாதிரி கொடுத்தால் கடினத்தன்மை எத்தனை மில்லிகிராம் என்று தனியாக எழுதித் தருவார்கள். இந்தியத் தர அளவு குடிநீருக்கு 200 வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. போர் தண்ணீர் 600-ஐ நெருங்கினால் அதைச் சோலாருக்குள் விடாதீர்கள். உங்கள் பகுதிக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறதா? அது மென்னீர். நாளுக்கு 72 லிட்டர்தானே வேண்டும்? மாடியில் 300 லிட்டர் சிறு தொட்டி ஒன்றை வைத்துச் சிறுவாணித் தண்ணீரை அதில் ஏற்றி, சோலாருக்கு அதிலிருந்து மட்டும் கொடுங்கள். விளாவுவதற்குப் போர் தண்ணீர் போதும். தண்ணீர் வராத மூன்று நாளையும் அந்தத் தொட்டி தாங்கும். இந்தச் சிறு தொட்டியின் அடிப்பாகம் சோலார் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும், கலக்கும் குழாயில் இரு தண்ணீரும் ஒன்றுக்குள் ஒன்று ஏறாமலிருக்க ஒருவழி வால்வு வேண்டும் என்பதையும் ப்ளம்பரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மழைக்காலத்துக்கு சோலார் தொட்டிக்குள்ளேயே எலிமென்ட் வைத்துத் தருகிறேன் என்பார்கள். ஒருவர் குளிக்க 100 லிட்டரையும் சூடாக்க நேரும். வேண்டாம். சோலாரிலிருந்து வரும் குழாயை உங்கள் கீசருக்குள் விட்டு, சோலார் தண்ணீர் நேரே குளியலறைக்குப் போக மூன்று வால்வுகளோடு பக்கவழியும் வைத்துவிட்டால், வெயில் நாளில் பக்கவழி, மேகமான நாளில் கீசர் வழி என்று திருப்பிக்கொள்ளலாம். வெதுவெதுப்பாக வரும் தண்ணீரைக் கீசர் மீதிச் சில டிகிரி ஏற்றினால் போதும். கொதிக்கக் கொதிக்க வரும் சோலார் தண்ணீர் கீசருக்குள் போனால் அதன் பாதுகாப்புக் கட்அவுட் விழுந்துவிடும், பக்கவழி அதற்கும்தான். தொட்டியை ஒட்டிய முதல் சில மீட்டருக்குச் சிபிவிசி வேண்டாம். சித்திரை வெயிலில் தொட்டி நீர் கொதிநிலையை நெருங்கும்போது அது தளர்ந்துவிடும். செம்போ ஜி.ஐ. குழாயோ போடட்டும். வெந்நீர் தேவைப்படாத அந்த மாதங்களில் குழல்களைக் கோணிப்பையால் மூடி வையுங்கள். காற்றுப் போக்கிக் குழாயை மட்டும் எதனாலும் அடைக்கக் கூடாது.

மானியம் உண்டு என்று யாராவது சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியம் மின்சாரம் தயாரிக்கும் பேனல்களுக்கு: 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். வெந்நீர்ச் சோலாருக்கு அது கிடையாது. உங்கள் மொட்டை மாடியில் நிழல் விழாத இடம் ஒன்றுக்குத்தான் வழி இருக்கிறது என்றால், என் தேர்வு மின்பேனல். வெந்நீர்ச் சோலார் சித்திரை, வைகாசியில் சும்மா நிற்கும். பேனல் அப்போதுதான் ஏசிக்கும் ஃபேனுக்கும் கை கொடுக்கும். 2 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 8 யூனிட் தரும். உங்கள் வெந்நீரின் 2.6 யூனிட் அதற்குள்ளேயே அடங்கிவிடும். இடமும் பணமும் இரண்டுக்கும் இருக்கிறது என்றால் இரண்டையும் போடுங்கள்.

பழைய கீசர்களை உடனே மாற்ற வேண்டாம். மின்சாரத்தை வெப்பமாக்குவதில் பழையதும் புதியதும் ஒன்றுதான். பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் சூடான தண்ணீர் சும்மா நிற்கும்போது எவ்வளவு கசிகிறது என்பதை மட்டுமே அளக்கின்றன. அரை மணி முன்பு போட்டு, குளித்ததும் அணைக்கும் வீட்டில் நட்சத்திரத்தால் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் பன்னிரண்டு ஆண்டு ஆனவை என்பதால் ஒரு முறை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எலிமென்ட்டின் மேல் சுண்ணாம்பு ஓடு கட்டியிருக்கும். சூடாகும்போது கடகடவென்று சத்தம் வருவது அதனால்தான். உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பி துரு தொட்டியைத் தொடாமல் தன்னையே கரைத்துக்கொள்வது, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தொட்டியே கசியத் தொடங்கினால்தான் புதிது. அப்போது மேல் மாடிக்கு 25 வேண்டாம், 15 லிட்டர் போதும். 60 டிகிரியில் 15 லிட்டர், விளாவினால் 34 லிட்டர் வரும். ஒரு பிள்ளையின் ஆறு நிமிட ஷவர் அதற்குள் முடியும், அடுத்தவர் இருபது நிமிடம் பொறுத்தால் மறுபடி தயார். கீழே வாளிக் குளியலுக்கு 3,000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரே போதும். நிமிடத்துக்கு 2.7 லிட்டர்தான் இதமான சூட்டில் வரும். வாளி நிறைய ஏழு நிமிடம் ஆகும். காத்திருக்கப் பொறுமை இருந்தால் கசிவே இல்லாத கருவி அது. ஆனால் 13 ஆம்பியர் இழுக்கும். 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் தனி இணைப்பு வேண்டும்.

மாமனாரின் சர்க்கரை நோயை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. நீண்டநாள் சர்க்கரை நோயில் பாதங்கள் சூட்டை உணராமல் போகலாம். 60 டிகிரி தண்ணீர் ஐந்தாறு விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். வலிக்காததால் அவர் காலை இழுத்துக்கொள்ள மாட்டார். கொப்புளம் புண்ணாகி ஆறாமல் நின்றால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. அவர் வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, அதன் மேல் வெந்நீரைச் சேர்க்க வேண்டும். சூட்டை வேறொருவர் முழங்கை வைத்துப் பார்க்கட்டும். அவர் குளியலறைக் கீசரின் தெர்மோஸ்டாட்டை 50-க்கும் 55-க்கும் இடையில் வையுங்கள். அதற்குக் கீழே இறக்க வேண்டாம். வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் கிருமி பெருகும். சோலார் வைத்தால் நல்ல வெயில் நாளில் 70 டிகிரியிலும் தண்ணீர் வரும். ஆகவே அந்தக் குளியலறையில் சூட்டைத் தானே மட்டுப்படுத்தும் கலவை வால்வு இல்லாமல் சோலார் குழாயைத் திறக்காதீர்கள். விலை சற்று அதிகம்தான். மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம்.

வீட்டின் மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றாலோ, அப்படி ஒன்று போர்டில் இல்லையென்றாலோ, மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை அதுதான்.

பிறகு ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். கீசரை நாள் முழுக்க விட்ட மூன்று நாள், அரை மணி மட்டும் போட்ட நான்கு நாள். அந்த எண்களையும், தண்ணீர் ஆய்வக முடிவையும், மாடியிலிருந்து கீழ்க் குளியலறை வரை குழாய் எத்தனை மீட்டர் ஓடும் என்பதையும் எழுதி அனுப்புங்கள். 100 லிட்டர் சோலாரா, மின்பேனலா என்பதை உங்கள் வீட்டு எண்களை வைத்தே முடிவு செய்யலாம். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.